மலிவு கண்டென்சர் மைக்குகள்: வீட்டுப் பதிவுக்கு எது, மேடைக்கு எது

பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில், வீட்டில் பாட்டும் பேச்சும் பதிவு செய்ய ஒரே ஒரு கண்டென்சர் மைக் வாங்குவதென்றால் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 வாங்கலாம். கையில் பிடித்து மேடையில் பாட அதே கம்பெனியின் ஏடி2010. வயலின், வீணை, மிருதங்கம் என்று வாத்தியங்களுக்கு ஜோடியாக வேண்டுமென்றால் ரோட் எம்5. அந்த விலைக்குக் கை எட்டாவிட்டால் பெரிங்கர் சி-2. விலை கடைக்குக் கடை, மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் இங்கே ரூபாய்க் கணக்கில் அதிகம் இறங்கவில்லை. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: வீட்டு மைக்கையே மேடைக்கும் தூக்கிக்கொண்டு போய் ஒரே செலவில் முடித்துவிடலாம் என்ற யோசனை இந்த விலைப் பிரிவில் நிறையப் பேரின் பணத்தை வீணடிக்கிறது. இரண்டும் கண்டென்சர் என்றாலும் இரண்டுக்கும் வேலை வேறு.

கண்டென்சர் மைக்குக்குள் மிக மெல்லிய சவ்வு ஒன்றும் அதன் பின்னால் உலோகத் தகடு ஒன்றும் இருக்கும். ஒலி பட்டுச் சவ்வு அசைய, இரண்டுக்கும் இடையிலான மின்தேக்குத் திறன் மாறும். அந்த நுண்ணிய மாற்றத்தைக் கேபிளில் அனுப்பும் அளவுக்குத் தேற்றுவதற்கு உள்ளேயே ஒரு சின்ன சர்க்யூட் உண்டு. அதற்குத்தான் மிக்சரோ இன்டர்ஃபேஸோ (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மைக் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம், அதாவது பாண்டம் பவர். டைனமிக் மைக்கில் சவ்வோடு செம்புச் சுருளும் சேர்ந்து அசைய வேண்டும். கண்டென்சரில் அந்தச் சுமை இல்லாததால் வில் தந்தியில் உரசுவதும், 'ஸ', 'ஷ' எழுத்துகளின் காற்றும், கமகத்தின் முனையும் அப்படியே விழும். அதே காரணத்தால் மின்விசிறியும் பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலும் விழும்.

ஏடி2020: என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காது

345 கிராம் எடை, உலோக உடல், கார்டியாய்டு வடிவம் (முன்னால் கேட்கும், பின்னால் கேட்காது). தோற்றத்தில் ஸ்டுடியோவின் பெரிய சவ்வு மைக் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது 16 மில்லிமீட்டர் சவ்வுதான். 144 டெசிபல் வரை தாங்கும். சொந்த இரைச்சல், அதாவது மைக்கின் சர்க்யூட்டே எழுப்பும் 'ஸ்ஸ்', 20 டெசிபல். மைக்கில் ஒரு சுவிட்சும் கிடையாது. கீழ் ஸ்தாயியை வெட்டும் வசதியும் இல்லை, ஒலியைக் குறைக்கும் பேடும் இல்லை. பெட்டியில் வருவது ஸ்டாண்டில் மாட்டும் பிடியும் ஒரு பையும்தான். அதிர்வு தாங்கும் ஷாக் மவுண்ட் தனியாக வாங்க வேண்டும்.

ஒலியைப் பற்றிச் சொன்னால், நடு ஸ்தாயியில் எதையும் ஊதிப் பெருக்காமல் நேர்மையாகக் கொடுக்கும். மேலே கொஞ்சம் வெளிச்சம் அதிகம். ஆண் குரலின் கனத்தை மிகைப்படுத்தாது. அதனால் கர்நாடக சங்கீதக் குரலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. ஒரு குறை தெளிவாகத் தெரியும்: மேசையில் வைத்த சின்ன ஸ்டாண்டில் மாட்டிவிட்டு அதே மேசையில் கீபோர்டைத் தட்டினால், ஒவ்வொரு தட்டும் 'தொம் தொம்' என்று பதிவில் ஏறும். தரையில் நிற்கும் ஸ்டாண்டும் ஷாக் மவுண்டும் சேர்ந்தால் இது பெரும்பாலும் போய்விடும். மிச்சம் இருப்பதை மென்பொருளில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் சரியாகும்.

புதிதாக வாங்குபவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இந்த மைக் மேல் முனையில் கேட்பதில்லை, பக்கவாட்டில் கேட்கும். கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம்தான் முகம். மேடை மைக் பழக்கத்தில் உச்சியைப் பார்த்துப் பாடினாலோ, திருப்பி மாட்டிவிட்டுப் பின்பக்கத்தில் பாடினாலோ குரல் மங்கி, அறைக்கு வெளியே நின்று பாடுவது போல் வரும். "புது மைக் டல்லாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஏடி2035-ஐயும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சொந்த இரைச்சல் 12 டெசிபல்; 80 ஹெர்ட்ஸ் வெட்டும் சுவிட்ச், 10 டெசிபல் பேட், பெட்டியிலேயே ஷாக் மவுண்ட். விலை கூடுதல்தான். ஆனால் ஏடி2020 விலையோடு நல்ல ஷாக் மவுண்ட் ஒன்றின் விலையையும் கூட்டிப் பாருங்கள். வித்தியாசம் மூன்று நான்காயிரத்துக்குள் வந்தால் 2035-க்கே போய்விடலாம் என்பது எங்கள் கணிப்பு.

இரைச்சல் எண்ணைப் பார்த்து ஏமாறாமல் இருக்க

ரோட் என்டி1-ஏ மைக்கின் சொந்த இரைச்சல் 5 டெசிபல். ஏடி2020-க்கு 20. தாளில் பார்த்தால் பதினைந்து டெசிபல் வித்தியாசம், மலைக்க வைக்கும். ஆனால் பதிவில் விழுவது மைக்கின் இரைச்சல் மட்டும் கிடையாது, அறையின் இரைச்சலும் சேர்ந்ததுதான். அறையில் 35 டெசிபல் சத்தம் இருந்தால், அதில் 20 டெசிபல் மைக்கைக் கூட்டினால் 35.1 ஆகும். மின்விசிறி ஓடும் அறையில் 35 என்பது மிகச் சாதாரணம். அங்கே என்டி1-ஏ வைத்தாலும் 35-தான். கூடுதலாகக் கொடுத்த பணம் காதுக்குத் தெரியாது.

இரவு பதினொரு மணிக்கு மேல், ஏசி, விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாம் நிறுத்திய அறையில் 22 டெசிபல் கிடைத்தால் கணக்கு மாறும். ஏடி2020-உடன் மொத்தம் 24, என்டி1-ஏ உடன் 22. எண்ணில் இரண்டுதான் வித்தியாசம் என்றாலும் மைக்கின் இரைச்சல் 'ஸ்ஸ்' என்று மேல் அலைவரிசையில் இருப்பதால், அடங்கிய குரலில் கதை வாசிப்பவர்களுக்கும் வீணையைத் தனியாகப் பதிவு செய்பவர்களுக்கும் அது கேட்கும். அவர்களுக்கு என்டி1-ஏ செலவு நியாயமானது. ஷாக் மவுண்டும், 'ப' எழுத்தின் காற்றைத் தடுக்கும் பாப் ஃபில்டரும், கேபிளும் பெட்டியிலேயே வந்துவிடும். ஆனால் அதன் மேல் ஸ்தாயி கூர்மை அதிகம். 'ச', 'ஸ' அழுத்திச் சொல்லும் பெண் குரல்களில் காதைக் குத்தும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் 15, 20 டிகிரி திருப்பி வைத்தால் தணியும்.

2023-இல் வந்த என்டி1 ஐந்தாம் தலைமுறை 4 டெசிபல் இரைச்சலும், ஒரே உடலில் எக்ஸ்எல்ஆர் (மூன்று பின் மைக் இணைப்பு), யூஎஸ்பி இரண்டும் கொண்டது. யூஎஸ்பி வழியே எடுத்தால் 32 பிட் ஃப்ளோட் பதிவு உண்டு. கெயினை, அதாவது மைக் ஒலியை ஏற்றும் அளவை, தப்பாக வைத்துவிட்டாலும் பின்னால் சரிசெய்யலாம். எக்ஸ்எல்ஆர் வழியே போனால் அந்த வசதி இல்லை. இங்கே பேசும் விலைக்கு மேலே இருப்பதால் இதோடு விடுகிறோம்.

பிஎம்-800 கிட்: வேண்டாம்

மைக், மடக்கும் கை, பாப் ஃபில்டர், வி8 என்ற சின்ன சவுண்ட் கார்டு எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள் கிடைக்கும் கிட்டைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பிஎம்-800 என்ற பெயரில் பல இடங்களில் பல விதமாகச் செய்து விற்கிறார்கள். ஒன்றுக்கொன்று உள்ளே இருக்கும் சர்க்யூட்டே வேறுபடும். பெரிய வலைக்கூண்டுக்குள் பெரும்பாலும் இருப்பது சிறிய எலக்ட்ரெட் கேப்ஸ்யூல்தான்.

பெரிய சிக்கல் அதோடு வரும் கேபிள். ஒரு முனை எக்ஸ்எல்ஆர், மறு முனை 3.5 மில்லிமீட்டர் பின். போனிலோ கணினியிலோ இருக்கும் மைக் துளை தருவது சில வோல்ட் மட்டுமே. 48 வோல்ட்டுக்கு ஏங்கும் சர்க்யூட் அதில் அரைப்பட்டினியாக ஓடும். ஒலி மெலியும், இரைச்சல் ஏறும், கொஞ்சம் சத்தமாகப் பாடினாலே உடையும். வழியில் ஏறும் இரைச்சலை ரத்து செய்யும் சமநிலை இணைப்பும் அந்தக் கேபிளில் இல்லாமல் போவதால் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் உள்ளே வந்து உட்காரும். முறையான 48 வோல்ட் கொடுத்தால் இதே மைக் ஓரளவு தேறும். ஆனால் அதற்கு இன்டர்ஃபேஸ் வேண்டும். அதை வாங்கிய பிறகு பிஎம்-800 எதற்கு?

குறைந்த செலவில் தொடங்க வேண்டுமென்றால் பெரிங்கர் சி-1. இதுவும் 16 மில்லிமீட்டர் சவ்வு. மேல் ஸ்தாயி கரடுமுரடாக இருக்கும், ஏடி2020-ஐவிட இரைச்சல் கூடுதலாகத் தெரியும். ஆனால் உருவாக்கம் ஒழுங்கானது, பாண்டம் பவர் வருகிறதா என்று காட்டும் சிறு விளக்கும் உண்டு. பேச்சு, வகுப்பு, ஒத்திகைப் பதிவுக்குப் போதும். பேச்சு மட்டும்தான் வேலை, அதுவும் போனில்தான் என்றால் சட்டையில் குத்தும் போயா பிஒய்-எம்1 போதும். ஆறு மீட்டர் கேபிள் இருப்பதால் கேமராவுக்கும் எட்டும். பாட்டுக்கு அது வேண்டாம்.

48 வோல்ட் உண்மையிலேயே வருகிறதா

பெரிங்கர் யூஎம்2, எம்-ஆடியோ எம்-ட்ராக் சோலோ, ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்று ஒரு மைக் இன்டர்ஃபேஸ்கள் எல்லாவற்றிலும் 48 வோல்ட் உண்டு. பழைய மிக்சர்களிலும் பெயர் தெரியாத யூஎஸ்பி மிக்சர்களிலும்தான் சந்தேகம் வரும். 48 என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே 15-ஓ 24-ஓ இருக்கும்.

மல்டிமீட்டர் இருந்தால் ஐந்து நிமிட வேலை. எக்ஸ்எல்ஆர் துளையில் 1-ஆம் பின் கிரவுண்ட். டிசி வோல்ட்டில் வைத்து 1-க்கும் 2-க்கும் இடையே அளந்து பாருங்கள், பிறகு 1-க்கும் 3-க்கும் இடையே. இரண்டிலும் 44 முதல் 52 வோல்ட்டுக்குள், கிட்டத்தட்ட ஒரே அளவாக வர வேண்டும். ஒன்று வந்து இன்னொன்று வராவிட்டால் உள்ளே ஒரு மின்தடை போயிருக்கிறது. மைக் வேலை செய்யும், ஆனால் உறுமும். வோல்ட் சரியாக இருந்தும் மைக் திணறினால் மீட்டரை மில்லிஆம்பியருக்கு மாற்றி 1-2 இடையே வைக்க வேண்டும். விதிப்படி ஒவ்வொரு பின்னுக்கும் 6.8 கிலோ ஓம் மின்தடை வழியாகத்தான் மின்சாரம் வருகிறது. ஆகவே 7 மில்லிஆம்பியர் அளவில் காட்ட வேண்டும். 2, 3 என்று காட்டினால் அந்தப் பெட்டி வோல்ட்டை மட்டும் காட்டுகிறது, சுமை ஏற்றினால் படுத்துவிடும். மைக் இணைத்த நிலையில் அளந்தால் 41 வோல்ட் வருவது கோளாறில்லை: ஏடி2020 இழுப்பது 2 மில்லிஆம்பியர், அதற்கு ஏழு வோல்ட் இறங்கத்தான் செய்யும்.

மைக்கைச் செருகும்போது கெயின் பூஜ்யத்தில், ஸ்பீக்கர் ஒலி இறக்கிய நிலையில் இருக்க வேண்டும். கேபிளை மாட்டிய பிறகே 48-ஐப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் 48-ஐ அணைத்து அரை நிமிடம் விட்டுக் கழற்றலாம். பவர் இருக்கும்போதே பிடுங்கினால் 'டப்' என்று ஒரு அடி விழும். ஸ்பீக்கரின் ட்வீட்டருக்கும் ஹெட்போன் போட்டவர் காதுக்கும் அது ஆபத்து. சரியாகக் கேபிள் போட்ட டைனமிக் மைக்குகளுக்கு 48 வோல்ட்டால் ஒன்றும் ஆகாது. பழைய ரிப்பன் மைக் இருந்தால் மட்டும் அந்தப் பக்கமே போகக் கூடாது.

அறை

மைக்குக்குச் செலவழிப்பதில் பாதியாவது அறைக்குப் போக வேண்டும். நம் வீடுகளில் பத்துக்குப் பன்னிரண்டு அறை, சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. நடுவில் நின்று கை தட்டினால் 'ட்ரிங்' என்று ஒரு வால் நீளும். அந்த வால்தான் பதிவைக் குளியலறையில் பாடியது போல் ஆக்குகிறது.

கார்டியாய்டு மைக் முன்னால் கேட்கும், முதுகுப்பக்கம் கேட்காது. பாடுபவர் மைக்கைப் பார்த்து நின்றால், மைக் பார்ப்பது பாடுபவரையும் அவருக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். ஆகவே துணியும் மெத்தையும் போக வேண்டிய இடம் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால். மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக நிறுத்தும் கவசங்களைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். முதுகுச் சுவர் வெறுமையாக இருக்கும்போது அவற்றால் பலன் குறைவு. இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை நிமிர்த்தி, சுவரிலிருந்து நாலு விரல் இடைவெளி விட்டுச் சாய்த்தால் அந்த இடைவெளியே கீழ் ஸ்தாயியை இன்னும் கொஞ்சம் உறிஞ்ச உதவும். பக்கவாட்டில் இன்னொன்று, காலடியில் தடிமனான ஜமக்காளம். துணி நிறைந்த அலமாரியின் கதவைத் திறந்து வைத்து அதற்கு முதுகு காட்டி நின்று பாடுவதும் நல்ல வழிதான். முட்டை அட்டையை ஒட்டுவதால் பயனில்லை. ஒரு இன்ச் ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டினால் மேல் ஸ்தாயி மட்டும் செத்து, கீழே பெட்டிக்குள் பேசுவது போன்ற முழக்கம் அப்படியே நிற்கும்.

வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண். பாப் ஃபில்டர் மைக்கிலிருந்து நாலு விரல் தள்ளி. இதைவிட நெருங்கினால் கீழ் ஸ்தாயி வீங்கும், 'ப' வரும்போது காற்று இடிக்கும், எச்சில் ஈரம் சவ்வில் படும். தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் இறங்கும், அறை இறங்காது. ஆகவே சுமாரான அறையில் ஒரு சாணைத் தாண்டிப் போகாமல் இருப்பது நல்லது. பாட்டின் உச்சத்தைப் பாடச் சொல்லி, மென்பொருளின் ஒலி மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி கெயின் வைக்க வேண்டும். 24 பிட்டில் பதிவு செய்யும்போது இதைவிட ஏற்ற வேண்டிய தேவை இல்லை. சுருதிப் பெட்டியோ தம்பூரா ஆப்போ ஹெட்போனில்தான், காதை மூடும் வகை ஹெட்போனில். திறந்த அறையில் ஓடவிட்டால் அது எல்லா டேக்கிலும் ஏறி, பிறகு வெட்டி ஒட்டவே முடியாமல் செய்துவிடும்.

வாத்தியங்களுக்கு

வீணைக்குக் குடத்தின் மேற்பலகையைப் பார்த்து ஒரு அடி உயரத்தில் வைக்கலாம். மீட்டும் விரலுக்கு நேராக வைத்தால் நாதத்தை மீட்டுச் சத்தம் மூடிவிடும்; குதிரையிலிருந்து கொஞ்சம் விலகி, கையின் பாதையைத் தவிர்த்து வைத்தால் நாதம் முன்னால் வரும். நம் வயலின் கலைஞர்கள் தரையில் அமர்ந்து, தலைப்பகுதியைக் கணுக்காலில் ஊன்றி வாசிப்பதால் மேற்கத்திய படங்களில் பார்க்கும் மைக் இடங்கள் பொருந்தாது. குதிரையைப் பார்த்து முன்னும் மேலும் ஒன்றேகால் அடி தள்ளி, வில்லின் வீச்சுக்கு வெளியே வைக்க வேண்டும். புல்லாங்குழலுக்கு உதட்டுக்கு நேரே வைத்தால் காற்று அடிக்கும். உதட்டுக்குச் சற்று மேலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்தால் சரியாக வரும்.

மிருதங்கத்துக்குத்தான் ஜோடி மைக்கின் அருமை தெரியும். வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, ஒவ்வொன்றும் முக்கால் அடி தூரத்தில். சி-2 என்றால் அதன் 10 டெசிபல் பேடைப் போட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு மைக்கும் எதிரெதிர் முகங்களைப் பார்ப்பதால் ஒன்றின் அலை மற்றொன்றைத் தின்றுவிடும் அபாயம் உண்டு. இரண்டையும் மோனோவில் சேர்த்துக் கேட்டபடி, ஒரு சேனலின் போலாரிட்டியை (அலையை மேல்கீழாகத் திருப்பும் பொத்தான்) மாற்றிப் பார்க்க வேண்டும். எந்த நிலையில் தொப்பியின் 'தொம்' நிறைவாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். ஒரே மைக்தான் இருக்கிறது என்றால் முன்னால் இரண்டடி தள்ளி, வலந்தலைப் பக்கம் சற்றே சாய்த்து வைத்தால் போதும்.

நாகஸ்வரம், தவில் என்று வரும்போது மைக் தாங்கும், பின்னால் இருப்பது தாங்காது. ஏடி2020 144 டெசிபல் தாங்கும் என்பது உண்மை. ஆனால் 135 டெசிபல் அடி விழும்போது அது வெளியே தள்ளுவது ஒன்றரை வோல்ட். சின்ன இன்டர்ஃபேஸ்களின் மைக் துளை, கெயின் பூஜ்யத்தில் இருந்தாலும், அதில் உடைய வாய்ப்புண்டு. மைக்கை ஐந்தடி தள்ளி வைக்கலாம். அல்லது கேபிளுக்கு நடுவே மாட்டும் பேட் வாங்கலாம். பேட் வாங்கும்போது பாண்டம் பவர் அதைக் கடந்து மைக்குக்குப் போகுமா என்று கேட்டு வாங்க வேண்டும். போகாத வகையை மாட்டினால் மைக் ஊமையாகிவிடும்.

மேடைக்கு

ஏடி2010-இல் இருப்பது ஏடி2020-இன் அதே 16 மில்லிமீட்டர் சவ்வு, கைப்பிடி உடலில். வலைக்கூண்டு, காற்றுத் தடுப்பு, கைச்சத்தம் அடக்கும் அமைப்பு எல்லாம் மேடைக்கென்றே செய்தவை. மேடைகளில் வழக்கமாக இருக்கும் ஷூர் எஸ்எம்58 டைனமிக் மைக்கில் மூடியிருக்கும் குரலின் மேல்பகுதி இதில் திறந்து கேட்கும். ஷூர் பீட்டா 87ஏ இதைவிட நல்ல மைக், விலை வேறு கட்டத்தில் இருக்கிறது.

எஸ்எம்58-ஐக் கழற்றிய அதே சேனலில் கண்டென்சரை மாட்டினால் கெயினைக் கட்டாயம் இறக்க வேண்டும். ஏடி2020-க்கும் எஸ்எம்58-க்கும் ஒலியுணர்வில் சுமார் 17 டெசிபல் வித்தியாசம். மேடைக் கண்டென்சரிலும் கணிசமான வித்தியாசம் உண்டு. இறக்காமல் விட்டுவிட்டு "கண்டென்சர் என்றாலே ஊளையிடும்" என்று மைக் மேல் பழி போடுகிறார்கள். உண்மையான ஊளைக் காரணங்கள் வேறு. பாடுபவர் தன் குரலைக் கேட்க வைக்கும் மானிட்டர் ஸ்பீக்கர், கார்டியாய்டு மைக்கின் நேர் முதுகில் இருக்க வேண்டும். பீட்டா 87ஏ போன்ற சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் முதுகில் கொஞ்சம் கேட்கும் என்பதால் மானிட்டரைப் பின்னால் ஓரமாக, 125 டிகிரி வாக்கில் நகர்த்த வேண்டும். திறந்திருக்கும் மைக் எண்ணிக்கை இரண்டு மடங்கானால் ஊளைக்கு முன் கிடைக்கும் ஒலியில் 3 டெசிபல் போய்விடும். வாசிக்காத மைக்கை மூடி வைப்பது எந்த ஈக்வலைசரையும்விட உதவும். வலைக்கூண்டைக் கையால் பொத்திப் பிடித்தால் கார்டியாய்டு வடிவமே குலைந்து எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிக்கும்.

ஏடி2020, என்டி1-ஏ போன்ற பக்கவாட்டு மைக்குகளை மேடைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஒரு சாண் தூரத்தில் பாட வேண்டியவை, கூட்டத்தின் சத்தத்தையும் பக்கத்துத் தவிலையும் மானிட்டரையும் குரலோடு சேர்த்தே அள்ளும். சின்ன சபாவில், ஸ்பீக்கர் நன்றாக முன்னால் இருக்கும்போது, வீணைக்கோ வயலினுக்கோ ஒல்லியான எம்5 போன்றதை வைக்கலாம். குரலுக்குக் கைப்பிடி மைக்தான்.

கல்யாண மண்டபங்களிலும் கோயில்களிலும் இருக்கும் பழைய மிக்சர்-ஆம்ப்ளிஃபையர்கள் பலவற்றில் பாண்டம் பவர் இல்லை. கண்டென்சரோடு போகும் கலைஞர் சவுண்ட் சர்வீஸ்காரரிடம் முந்தின நாளே கேட்டுவிட வேண்டும். பெரிங்கர் பிஎஸ்400 போன்ற தனிப் பாண்டம் பெட்டி ஒன்று பையில் இருந்தால் கவலை இல்லை: மைக்கிலிருந்து பெட்டிக்கு ஒரு கேபிள், பெட்டியிலிருந்து மிக்சருக்கு ஒரு கேபிள். சிறு மிக்சர்களில் 48 வோல்ட் பொத்தான் எல்லா மைக் சேனலுக்கும் ஒன்றாகவே இருக்கும் என்பதால், அதைத் தொடும் முன் மெயின் ஃபேடரைக் கீழே இறக்க வேண்டும். திறந்தவெளியில் ஃபோம் உறை இல்லாமல் கண்டென்சரை வைக்கவே கூடாது.

ஈரம், உறுமல்

கடற்கரை ஊர்களில் கண்டென்சரின் முதல் எதிரி காற்றின் ஈரம். சவ்வுக்கும் சர்க்யூட்டுக்கும் இடையில் இருப்பது கிகா ஓம் அளவிலான மின்தடை. தூசியோடு சேர்ந்து மெல்லிய ஈரப்படலம் படிந்தாலே அங்கே மின்சாரம் கசிந்து, கடுகு பொரிவது போல் படபடவென்று சத்தம் வரும், சில நேரம் ஒலியே இறங்கிவிடும். நிறைய மைக்குகள் 'போய்விட்டன' என்று ஒதுக்கப்படுவது இந்த நிலையில்தான். சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு நாள் வைத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஏசி அரங்கிலிருந்து புழுக்கமான வெளிக்காற்றுக்கு வந்தவுடன் குளிர்ந்த மைக்கின் மேல் பனி படியும்; பெட்டியை மூடியபடியே அரை மணி நேரம் வைத்துப் பிறகு திறக்க வேண்டும். நிறம் மாறும் சிலிக்கா ஜெல் மணிகள் வாங்கினால் எப்போது காய வைக்க வேண்டும் என்று தெரியும். அந்த மணிகளை 120 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி பயன்படும். ஸ்டாண்டிலேயே மாட்டி வைப்பவர்கள் குறைந்தது ஒரு பாலித்தீன் பையையாவது கவிழ்க்கலாம். காற்றடிக்கும் கேனை வலைக்குள் அடித்துச் சுத்தம் செய்யக் கூடாது, சவ்வு கிழியும்.

'ம்ம்' என்ற உறுமல் வந்தால் முதலில் லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். நின்றுவிட்டால் மைக்கில் குறையில்லை, எர்த் இல்லாத பிளக்கில் சார்ஜர் இருக்கிறது. நிற்காவிட்டால் கேபிள். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் நல்ல கேபிளும் நியூட்ரிக் கனெக்டரும் வாங்கி அங்கேயே பற்றவைத்து வாங்கலாம்: 1-இல் வெளிப்பின்னல், 2-இல் ஹாட், 3-இல் கோல்ட், இரண்டு முனையிலும் அதே வரிசை. வளைத்துச் சுற்றிய கேபிளைக் கையில் அசைக்கும்போது சத்தம் வந்தால் அந்தப் பற்றவைப்பை மறுபடி செய்ய வேண்டும்.

வாங்கிய வாரத்தில்

திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் மூன்று சோதனை. இரவில் விசிறி இல்லாமல், மைக்கின் மேல் போர்வை போர்த்தி, வழக்கமான கெயினில் ஒரு நிமிடம் பதிவு செய்து ஹெட்போனில் கேளுங்கள். சீரான 'ஸ்ஸ்' சரி. இடையிடையே பொரிந்தால் திருப்பிவிடுங்கள். அடுத்து, ஒரு சாண் தூரத்தில் பேசியபடியே மைக்கைச் சுற்றி வாருங்கள். பின்பக்கம் வந்ததும் குரல் நன்றாக இறங்க வேண்டும், இறங்காவிட்டால் உள்ளே கேப்ஸ்யூல் சரியாக உட்காரவில்லை. ஜோடி மைக் என்றால் இரண்டையும் ஒட்டி வைத்து, ஒரே கெயினில் ஒரே குரலைப் பதிவு செய்து அளவை ஒப்பிட வேண்டும். ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் வேறுபட்டால் அது ஜோடி இல்லை.

கைப்பிடிக் கண்டென்சரைப் பாதி விலையில் வாங்கியவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு, ஏனென்றால் ஷூர் பெயரில் போலிகள் சந்தையில் ஏராளம். மைக்கில் பேசிக்கொண்டே 48 வோல்ட்டை அணையுங்கள். உண்மையான கண்டென்சர் சில விநாடிகளில் மங்கி அடங்கிவிடும். ஒரு நிமிடம் கழித்தும் குரல் வந்துகொண்டே இருந்தால் உள்ளே இருப்பது டைனமிக் சுருள். பில்லோடு கடைக்குத் திருப்பி எடுத்துப் போகலாம்.